புதுப்பிப்பு: கரிசலாங்கண்ணியா, வெங்காயமா?

அம்மிச்சி காய்ச்சித் தரும் கரிசலாங்கண்ணி எண்ணெயில் முடி வளருமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் போட்டவர்களுக்கு நன்றிங்க. தேடிப் படித்தேன். 2008இல் வந்த ஆய்வில் அந்தச் செடியின் சாறு வேலை செய்திருக்கிறது, ஆனால் மழித்த எலித்தோலில். அதுவும் பெட்ரோலியம் ஈதர் என்ற ரசாயனக் கரைப்பானில் பிரித்தெடுத்தது. நம்மூர்த் தேங்காயெண்ணெயில் காய்ச்சியது அல்ல.

தாராபுரத்து நண்பர் சொன்ன வெங்காயச் சாறுக்கு மனிதர்களிடமே சோதனை நடந்திருக்கிறது. 2002 ஆய்வில் தினம் இருமுறை தடவிய 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முளைத்தது. சரி, ஆனால் அவர்களுக்கு இருந்தது புழுவெட்டு. எனக்கோ நெற்றி ஏறுகிறது. இருந்தாலும் தடவிப் பார்த்தேன். தலையணை உறை துவைத்தும் நாறுகிறது!

அப்புறம் ரோஸ்மேரி எண்ணெய்: 2015 சோதனையில் ஆறு மாதத்தில் முடி வளரத் தடவும் மருந்தான 2% மினாக்சிடிலுக்கு ஈடாக இருந்தது. மூன்றாம் மாதம்வரை இரண்டிலுமே மாற்றமில்லை. வாங்குகிறவர்கள் நேராகத் தலையில் ஊற்றாதீர்கள், வேறு எண்ணெயில் சில சொட்டுகள் கலந்தால் போதும்.