மேற்கு ஜன்னல்: வெயில் வேண்டாம், வெளிச்சம் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் எங்கள் வீட்டு முன்னறை 20 அடி ஆழம். ஜன்னல் மேற்கில் மட்டும்தான். மற்ற மூன்று பக்கமும் அறைகள். லிண்டல் (ஜன்னலின் மேல் விளிம்பு) தரையிலிருந்து 7 அடி, ஜன்னல் உயரம் 4 அடி, மேலே 2 அடி சன்ஷேடு.

தெற்கு ஜன்னலாக இருந்தால் இந்தச் சன்ஷேடே போதும். டிசம்பர் உச்சிவேளையிலும் இங்கே சூரியன் அடிவானத்திலிருந்து 56 டிகிரிக்கு மேல் நிற்பதால் மூன்றடிக்கு நிழல் விழும். மேற்கில் கதையே வேறு. மார்ச் மாதம் மாலை நாலரைக்குச் சூரியன் 30 டிகிரிக்குக் கீழே வந்துவிடுகிறது, நிழல் ஓரடிதான். திரையை இழுத்து மூடிவிட்டுப் பட்டப்பகலில் டியூப்லைட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்!

கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டச் சொல்கிறார்கள். அது காலை வெளிச்சத்தையும் சேர்த்தே விழுங்கும் என்பதால் எனக்கு உடன்பாடில்லை. லிண்டல் உயரத்தைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு தூரம்வரைதான் பகல் வெளிச்சம் உருப்படியாக எட்டும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே 9 அடிவரை வென்டிலேட்டர் திறந்து, கீழ் ஜன்னலுக்கு வெளியே லூவர் (இடைவெளி விட்டு வரிசையாகச் சாய்த்து வைக்கும் பலகைகள்) பொருத்த நினைக்கிறேன்.

மேற்குச் சுவரில் லூவர் போட்டவர்கள் சொல்லுங்கள்: பலகைகள் நெடுக்காக இருக்க வேண்டுமா, கிடையாகவா? திருப்பக்கூடிய அலுமினியம் ஆடிக்காற்றில் தடதடக்குமா? வென்டிலேட்டர் வழியே வரும் மாலை வெயிலை எப்படித் தடுத்தீர்கள்? மூங்கில் தட்டியே போதும் என்பவர்கள், அது எத்தனை மழைக்காலம் தாங்கியது என்பதையும் எழுதுங்கள். புகைப்படம் இருந்தால் இன்னும் நல்லது.