பழைய கிளாவியோலினுக்கு மறுபடியும் மின்சாரம் கொடுக்கலாமா?

பரண்வாசி:
வணக்கம். மெல்லிசைக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்த என் தாய்மாமாவின் வீட்டுப் பரணிலிருந்து ஒரு கிளாவியோலின் (மின்சாரத்தில் இயங்கும் பழைய கட்டை வாத்தியம்) கிடைத்திருக்கிறது. மூன்று ஸ்தாயிக் கட்டைகள் ஒரு பெட்டியிலும், ஒலிபெருக்கியும் மின்வழங்கியும் மற்றொரு பெட்டியிலும் உள்ளன. இரண்டையும் இணைக்கும் தடித்த கேபிளின் ரப்பர் உறை தொட்டாலே உதிர்கிறது. அவசரப்பட்டு ஸ்விட்சைப் போட்டுவிட்டேன். பெரிய இரைச்சலுக்கு நடுவே ஸ்வரங்கள் கேட்டன, ஆனால் மூன்று கட்டைகள் பேசவே இல்லை. பத்து நிமிடத்தில் சுருதி இறங்கிக்கொண்டே போய், மெழுகு கருகும் வாடை வந்ததும் நிறுத்தினேன். எல்லா வால்வுகளையும் (உள்ளிருக்கும் கண்ணாடி வெற்றிடக் குழாய்கள்) மாற்ற வேண்டுமா? உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றிவிட்டு இக்காலக் கீபோர்டு ஒன்றின் போர்டைப் பொருத்திவிடலாம் என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக்.

ஈயப்பற்று:
நண்பரே, முதலில் அந்த பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். வால்வின் மேல் சந்தேகப்படுவது கடைசி வேலை. கருகியது பெரும்பாலும் மெழுகு பூசிய காகிதக் கண்டன்சர்களாகத்தான் (மின்னேற்றத்தைத் தேக்கும் உறுப்புகள்) இருக்கும். வயதான காகிதக் கண்டன்சர் டி.சி. மின்னழுத்தத்தைத் தடுக்காமல் கசியவிடும். அந்தக் கசிவு வெளியீட்டு வால்வின் கிரிடில் (வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) நேர் அழுத்தமாகப் போய் உட்காரும்போது வால்வு அளவுக்கு மேல் மின்னோட்டத்தை இழுத்து, தானும் கெட்டு, எளிதில் கிடைக்காத டிரான்ஸ்பார்மரையும் எரித்துவிடும். ஆகவே காகிதக் கண்டன்சர்கள் அனைத்தையும், சோதித்துக்கொண்டிருக்காமல், அதே மதிப்புள்ள 630 வோல்ட் பாலியெஸ்டர் கண்டன்சர்களாக மாற்றிவிடுங்கள். சென்னை ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும். மைக்கா கண்டன்சர்களைத் தொட வேண்டாம். இரைச்சலுக்குக் காரணம் மின்வழங்கியிலுள்ள எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள். அவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

ஓர் எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இந்தக் கண்டன்சர்களில் 200 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகே கையை உள்ளே விடுங்கள். உதிரும் கேபிளையும் மாற்றியாக வேண்டும், ஏனென்றால் கட்டைப் பெட்டிக்கான உயர் அழுத்தம் அதன் வழியாகத்தான் போகிறது. முதல் முறை மின்சாரம் ஏற்றும்போது 60 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடரிணைப்பில் போடுங்கள்: பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது, மங்காமல் எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது.

பழையசுருதி:
புதிய போர்டு யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். கான்ஸ்தான் மார்த்தேன் 1947இல் பிரான்சில் உருவாக்கிய இந்தக் கருவியில் இருப்பது ஒரேயொரு அலையியற்றி, அதாவது ஸ்வரத்துக்கான மின்னலையை உண்டாக்கும் சுற்று. ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும். சதுர அலையை ஒத்த அந்தக் கரகரப்பான ஒலியை வடிகட்டிகள் செதுக்க, அதனுடனேயே வரும் ஒலிபெருக்கி வேண்டுமென்றே இன்னும் சற்றுச் சிதைத்துத் தருகிறது. 1954இல் வந்த 'நாகின்' இந்திப் படத்தில் கல்யாண்ஜி மகுடி ஓசையை எழுப்பியது கிளாவியோலினில்தான். அந்த நாதத்தை, பதிவு செய்த ஒலியைத் திருப்பித் தரும் கீபோர்டு போர்டில் எதிர்பார்ப்பது, தவிலுக்குப் பதில் பிளாஸ்டிக் வாளியைத் தட்டுவது போன்றது என்பது என் கருத்து. வேறு நல்ல ஆம்ப்ளிபயரில் இணைத்தாலும் பாதிக் குணம் போய்விடும். மற்றொன்று: இங்கிலாந்தில் செல்மரும் அமெரிக்காவில் கிப்சனும் இதைத் தயாரித்தன. உங்களுடையது அமெரிக்க வகையானால் நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகக்கூடாது, எங்கே தயாரானது என்று பெட்டியிலுள்ள தகட்டில் பாருங்கள்.

கட்டைக்காரன்:
பேசாத மூன்று கட்டைகளுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். தொடுமுனைகளின் மேற்பூச்சு போய்விடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த விசிட்டிங் கார்டுத் துண்டை முனைகளுக்கு இடையே வைத்து, கட்டையை மெல்ல அழுத்தியபடி உருவினால் முனைகளில் படிந்த கறுப்பு அழுக்கு அட்டைக்கு ஏறிவிடும். சுருதி சேர்ப்பதைக் கண்டன்சர் வேலை முடிந்த பிறகு, அரை மணி நேரம் சூடேற விட்டே செய்யுங்கள். எல்லா ஸ்வரங்களும் ஒரே அளவு விலகியிருந்தால் பொதுவான அலையியற்றியைப் பாருங்கள். ஒன்று மட்டும் விலகினால் அந்தக் கட்டைக்குரிய உறுப்பையோ தொடுமுனையையோ பாருங்கள்.

பரண்வாசி:
மூவருக்கும் நன்றி. தகட்டில் இங்கிலாந்து என்றே இருந்ததால் மின்னழுத்தச் சிக்கல் இல்லை. பதினோரு காகிதக் கண்டன்சர்களையும் மாற்றினேன். 1,00,000 ஓம் என்று வண்ணப்பட்டை சொன்ன ஒரு ரெசிஸ்டர் மீட்டரில் 1,46,000 காட்டியதால் அதையும் மாற்றினேன். பல்பு மங்கியது, இரைச்சல் அடங்கியது, வால்வு ஒன்றைக்கூட மாற்றவில்லை. அட்டை வைத்தியத்தில் இரண்டு கட்டைகள் பேசிவிட்டன. மூன்றாவதன் தொடுகம்பியே முறிந்திருக்கிறது. முழங்காலால் தள்ளும் ஒலியளவுக் கம்பியை அசைத்தால் மட்டும் கரகரவென்று சத்தம் வருகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றிப் பார்க்கப் போகிறேன்.