பில் கவுன்ட்டர் வரிசைக்கு எர்லாங் சூத்திரம் பொருந்துமா?

வணக்கம். சூப்பர் மார்க்கெட்டில் பில் கவுன்ட்டர்களுக்கு ஆள் போடுவது என் பொறுப்பு. நெரிசல் நேரத்தில் மணிக்கு 54 பேர் வருகிறார்கள், ஒருவருக்குப் பில் போட சராசரியாக 3 நிமிடம். 3 கவுன்ட்டர் மணிக்கு 60 பேரைச் சமாளிக்கும், அது போதும் என்கிறது மேலிடம். வருகை வேகம், பில் போடும் நேரம், கவுன்ட்டர் எண்ணிக்கை மூன்றையும் வைத்துக் காத்திருப்பைக் கணிக்கும் எர்லாங் சி சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் சராசரிக் காத்திருப்பு 8 நிமிடத்தைத் தாண்டுகிறது. 4ஆவதைத் திறந்தால் 1 நிமிடத்துக்கும் கீழே! கணக்கு சரிதான், நம்பத்தான் ஆள் இல்லை.

எனக்கே இரண்டு சந்தேகம். சூத்திரம் எல்லோருக்கும் ஒரே வரிசை என்று வைத்துக்கொள்கிறது. இங்கே கவுன்ட்டருக்கு ஒரு வரிசை. பக்கத்து வரிசை நகர்ந்தால் ஆட்கள் தாவிவிடுகிறார்கள். அந்தத் தாவலால் இது கிட்டத்தட்ட ஒரே வரிசை ஆகிவிடும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

அடுத்தது, முதல் பொருளை ஸ்கேன் செய்த நேரம்தான் கணினியில் பதிவாகிறது, வரிசையில் வந்து நின்ற நேரம் இல்லை. 5 நிமிடத்துக்கு ஒருமுறை நிற்பவர்களை எண்ணி, லிட்டில் விதிப்படி (வரிசையின் சராசரி நீளம் = வருகை வேகம் × சராசரிக் காத்திருப்பு) சராசரி நீளத்தை வருகை வேகத்தால் வகுத்துக் காத்திருப்பைக் கண்டுபிடிக்கலாம் என்றிருக்கிறேன். வருகை அரைமணிக்கு அரைமணி மாறும்போது இது எவ்வளவு தூரம் செல்லும்? சிமுலேஷன்தான் வழி என்றால், எக்செலிலேயே செய்து பார்த்தவர்கள் எங்கே தொடங்குவது என்று சொல்லுங்களேன்.