5 வோல்ட் கிட்டில் எஃப்பிஜிஏ-வை மாட்டியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

என்னிடம் ஸ்பார்ட்டன்-3இ எஃப்பிஜிஏ (உள் சர்க்யூட்டை நாமே புரோகிராம் செய்துகொள்ளும் சிப்) போர்டு ஒன்று இருந்தது. அதன் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. 8085 ட்ரெய்னர் கிட்டின் (மைக்ரோபிராசஸர் பழகும் போர்டு) டேட்டா பஸ்ஸை, அதாவது டேட்டா போகும் எட்டு கம்பிகளை, அதில் நேராக மாட்டி, என்ன ஓடுகிறது என்று பதிவு செய்து பார்ப்பேன். நான்கு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் அதே வேலைக்கு வேறொரு கிட்டை எடுத்தேன். ஐந்து நிமிடத்தில் சிப் தொட முடியாத சூடு. போர்டின் 3.3 வோல்ட் சப்ளை லைனில் மல்டிமீட்டரை வைத்தால் 3.9 காட்டியது. உடனே கேபிளைப் பிடுங்கினேன், ஆனால் எட்டு பின்னில் மூன்று அதற்குப் பிறகு எப்போதும் 1 என்றே படித்தன. ஆசையாக வாங்கிய போர்டு, மனசு விட்டுப்போச்சு.

இரண்டு கிட்டும் 5 வோல்ட்தான். ஆஸிலோஸ்கோப் வைத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. பழைய கிட்டில் பஃபர் (சிக்னலை வாங்கி அப்படியே வெளியே தரும் சிப்) 74எல்எஸ்245. சப்ளை 5 ஆனாலும் அது 'ஹை' (அதாவது 1) என்று தருவது சுமார் 3.5தான். புதியதில் 74எச்சி245. அது முழு 5 வோல்ட்டையும் தள்ளும். எஃப்பிஜிஏ பின்னுக்குள் 3.3 லைனை நோக்கி ஒரு டயோடு உண்டு. பின்னில் 4 வோல்ட்டை நெருங்கியதும் அது கடத்தும். எட்டு பின் வழியாகவும் கரண்ட் அந்த லைனுக்குள் புகுந்தது. அந்த லைனுக்கு 3.3 தரும் சாதாரண ரெகுலேட்டர் கரண்டைக் கொடுக்கும், திரும்ப வாங்கிக்கொள்ளாது. அதனால் லைனே மேலே ஏறிவிட்டது.

இப்போது நடுவில் 74எல்விசி245 வைத்திருக்கிறேன், 3.3 சப்ளையில். உள்ளே 5 வந்தாலும் தாங்கும், வெளியே 3.3-ஐத் தாண்டாது.

*

எனக்கு நேர் எதிர்த் திசையில் சிக்கல் வந்தது. ஐஸ்40 போர்டிலிருந்து (அதுவும் 3.3 வோல்ட் எஃப்பிஜிஏ) எழுத்து காட்டும் பி10 எல்இடி பேனலை ஓட்டினேன். மேசையில் அருமையாக ஓடியது. வெளிச்சம் போதவில்லை என்று பவர் சப்ளையின் திருகைத் திருப்பி 4.8-ஐ 5.2 ஆக்கினேன். எழுத்தெல்லாம் ஆடத் தொடங்கியது. புரோகிராமில்தான் தப்பு என்று இரண்டு நாள் தேடினேன். பேனலின் உள்வாசலில் இருப்பதும் 74எச்சி245. சப்ளையில் 70 சதவீதம் வந்தால்தான் 'ஹை' என்று எடுப்பதற்கு உத்தரவாதம், 5.2-க்கு அது 3.64. நான் கொடுத்தது 3.3. பெரும்பாலும் பாதி வோல்டேஜிலேயே மாறிவிடும் என்பதால்தான் அதுவரை ஓடியிருக்கிறது. இடையில் 5 வோல்ட் சப்ளையில் ஒரு 74எச்சிடி245 போட்டேன், அதற்கு 2 வோல்ட் வந்தாலே போதும். அன்றோடு ஆட்டம் நின்றது.

*

அண்ணா, பின்னுக்கு 330 ஓம் ரெசிஸ்டர் போட்டால் போதாதா? பஃபர் சிப்பைவிட மலிவாயிற்றே.

*

தம்பி, ஒன்றிரண்டு மெதுவான சிக்னலுக்குச் சரி. 5-க்கும் 4-க்கும் இடையே 1 வோல்ட், 330 ஓமில் 3 மில்லிஆம்ப். எட்டு பின் சேர்ந்தால் 24. உங்கள் போர்டு 3.3 லைனில் அதைவிடக் குறைவாக இழுத்தால் லைன் மறுபடி ஏறும். உள்ளே டயோடே இல்லாத சிப்களும் உண்டு, அங்கே ரெசிஸ்டர் காப்பாற்றாது, டேட்டாஷீட்டைப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று: போர்டை அணைத்துவிட்டுக் கிட்டை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். என் போர்டில் பவர் எல்இடி, பின் வழியாகப் புகுந்த கரண்டில், அப்போதும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. நான்கு மாதமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், ஏன் என்று யோசிக்கவில்லை.