கார்பன் உரிம ஏலப் பணத்தை நிரந்தர வருவாயாக பட்ஜெட்டில் எழுதலாமா?

தராசு (கேள்வி):
கார்பன் உமிழ்வுக்கு உச்சவரம்பு வைத்து, அதற்குள் அடங்கும் உரிமங்களை (ஒன்று ஒரு டன் வெளியிட அனுமதி) அரசு ஏலம் விட்டால் கஜானாவுக்குப் பணம் வருகிறது. இலவசமாகக் கொடுத்தால் வருவதில்லை. உச்சவரம்பு ஒன்றேதான் என்பதால் உமிழ்வு குறைவதில் வேறுபாடு இல்லை என்கிறார்கள். அப்படியானால் எல்லா அரசுகளும் முதல் நாளிலிருந்தே ஏலம் விட்டிருக்க வேண்டுமே, ஏன் விடவில்லை? ஏலம் விடும் அரசு அந்தப் பணத்தை ஆண்டுதோறும் வரும் வருவாயாக எழுதிக்கொண்டால் எங்கே இடறும்?

கணக்குப்பிள்ளை:
முதல் பாதிக்கு நல்ல சான்று 2009-ல் அமெரிக்காவில் நடந்தது. ஒபாமா அரசின் முதல் பட்ஜெட், உரிமங்கள் முழுவதையும் ஏலம் விடுவதாக வைத்துக்கொண்டு, 2012 முதல் 2019 வரை 64,600 கோடி டாலர் வரும் என்று எழுதியது. அதில் பெரும்பங்கு உழைப்பவர்களுக்கான வரிச்சலுகைக்குப் போக வேண்டியது. ஜூன் மாதம் பிரதிநிதிகள் சபை 219–212 என்ற கணக்கில், இந்த உரிமத் திட்டத்தைக் கொண்ட வாக்ஸ்மன்–மார்க்கி மசோதாவை நிறைவேற்றியபோது, தொடக்க ஆண்டுகளின் உரிமங்களில் ஏறத்தாழ 85 சதவீதம் இலவசமாகிவிட்டது. மின் விநியோக நிறுவனங்கள், எரிவாயு விநியோகஸ்தர்கள், இறக்குமதிப் போட்டிக்கு அஞ்சும் ஆலைகள் என்று பங்கு பிரிந்தது. ஒவ்வொரு பங்குக்குப் பின்னாலும் சில வாக்குகள் இருந்தன. அப்படியும் செனட்டில் வாக்கெடுப்புக்கே வரவில்லை.

ஆனால் இலவசம் என்பதால் மக்கள் தலையில் சுமை ஏறாது என்று நினைத்துவிடக் கூடாது. இலவசமாகக் கிடைத்த உரிமத்துக்கும் சந்தை விலை உண்டு. மின் நிலையம் அதைப் பயன்படுத்தினால், விற்றுச் சம்பாதிக்கும் வாய்ப்பை இழக்கிறது. அந்த இழப்பை மின்சார விலையில் ஏற்றுகிறது. 2005-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உரிமச் சந்தை தொடங்கியதும் நடந்தது இதுதான். நுகர்வோர் கொடுத்தார்கள், நிறுவனங்களின் லாபமாயிற்று. அதனால்தான் 2013 முதல் மின்துறைக்கு, சில கிழக்கு நாடுகளின் விதிவிலக்கு தவிர, ஏலமே விதியானது.

நீலமலை:
இரண்டாம் பாதிக்கு வருகிறேன். வருவாய் என்பது விலையையும் ஏலத்தில் விற்ற அளவையும் பெருக்கி வருவது. இரண்டுமே அரசின் கையில் முழுதாக இல்லை.

விலை: ஆஸ்திரேலியாவின் கார்பன் விலைத் திட்டம் 2012 ஜூலையில் டன்னுக்கு 23 ஆஸ்திரேலிய டாலர் என்ற நிலையான விலையில் தொடங்கி, 2015-ல் ஐரோப்பியச் சந்தையோடு இணைய இருந்தது. 2015–16-க்கு 29 டாலர் கிடைக்கும் என்று முதலில் எழுதியிருந்தார்கள். ஐரோப்பிய விலை சரியவே, 2013 மே பட்ஜெட்டில் அதை 12.10 டாலராகக் குறைத்தார்கள். அந்தப் பணத்தை நம்பி அறிவித்த வருமான வரிக் குறைப்பும் ஒத்திவைக்கப்பட்டது. 2014-ல் திட்டமே ரத்து.

அளவு: கலிஃபோர்னியாவில் ஏலத்துக்குக் குறைந்தபட்ச விலை உண்டு, ஆண்டுதோறும் பணவீக்கத்துக்கு மேல் 5 சதவீதம் ஏறும். இது விலையைத் தாங்கும், விற்பனையைத் தாங்காது. 2016 மே ஏலத்தில் முன்வைத்த உரிமங்களில் சுமார் 11 சதவீதமே விற்றன. மாநிலத்துக்கு வந்தது ஏறத்தாழ 1 கோடி டாலர். உரிமங்கள் தேவைக்கு மேல் இருந்ததோடு, 2020-க்குப் பிறகு திட்டம் தொடருமா என்ற வழக்குச் சந்தேகமும் வாங்குபவர்களை ஒதுங்கவைத்தது.

எனக்கு இதைவிடக் கவலை தருவது, பணத்தேவை உச்சவரம்பையே தொடுவது. ரஷ்ய எரிவாயுவை விட்டு விலக ஐரோப்பிய ஒன்றியம் உரிமங்களை விற்று 2,000 கோடி யூரோ திரட்ட முடிவு செய்தது. அதில் 800 கோடி, பின்வரும் ஆண்டுகளில் ஏலத்துக்கு வரவிருந்த உரிமங்களை முன்னதாகவே விற்றுத் திரட்ட வேண்டியது. இலக்கு டன்னில் இல்லை, யூரோவில் இருக்கிறது. விலை இறங்கினால் அதே தொகைக்கு இன்னும் அதிக உரிமம் விற்க வேண்டும். அதிகம் விற்றால் விலை மேலும் இறங்கும். மொத்த எண்ணிக்கை மாறாது என்பது உண்மைதான், ஆனால் இன்று முதலீடு செய்ய வேண்டிய ஆலைக்கு விலைச் சமிக்ஞை இன்றே பலவீனமாகிறது. ஏலப் பணத்துக்குத் தொகை இலக்கு வைப்பதே தவறு என்பது என் கருத்து.

வெண்மேகம்:
பணம் எங்கே போகிறது என்பதையும் சேர்க்க வேண்டும். வடகிழக்கு அமெரிக்க மாநிலங்கள் மின் நிலைய உமிழ்வுக்காக நடத்தும் ஆர்.ஜி.ஜி.ஐ. உரிமச் சந்தை தொடங்கியதே 2009-ல். அதே ஆண்டு நியூயார்க் பற்றாக்குறையை அடைக்க 9 கோடி டாலரை எடுத்தது. 2010-ல் நியூ ஜெர்சி 6.5 கோடியை எடுத்தது. 2011-ல் அதன் ஆளுநர், இது மின்கட்டணத்தின் மீது போட்ட வரிதான் என்று சொல்லி வெளியேறுவதாக அறிவித்தார். மாநிலம் திரும்பி வந்தது 2020-ல்.

பெரிய நிறுவனங்களின் எரிசக்திப் பயன்பாட்டு உமிழ்வுக்கு விலை வைத்த பிரிட்டனின் சி.ஆர்.சி. திட்டம் இன்னும் மோசம். வசூலித்த பணத்தைப் பங்கேற்பாளர்களுக்கே, சேமிப்பில் முன்னணியில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக, திருப்பித் தருவதாகச் சொல்லித் தொடங்கினார்கள். 2010 அக்டோபரில் கருவூலம் மொத்தத்தையும் வைத்துக்கொண்டது. அன்றிலிருந்து அது காகித வேலை அதிகமுள்ள ஒரு வரி. 2019-ல் முடித்துவைத்தார்கள்.

'வரி' என்ற முத்திரைக்குச் சட்ட விளைவும் உண்டு. கலிஃபோர்னியாவில் வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஏலத்துக்கு அடிப்படையான 2006-ம் ஆண்டுச் சட்டம் சாதாரணப் பெரும்பான்மையில் வந்தது. ஏலம் வரியல்ல என்று 2017 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2–1 எனத் தீர்ப்பளித்தது. அப்படியும் அதே ஆண்டு ஜூலையில் நீட்டிப்புச் சட்டத்தை மூன்றில் இரண்டு பங்கோடு நிறைவேற்றி, சட்டச் சந்தேகத்துக்கு முடிவு கட்டினார்கள்.

தராசு:
நன்றி. அப்படியானால் நிதித்துறை எதைத்தான் பாதுகாப்பாக எழுதலாம்?

நீலமலை:
சந்தை விலையை விட்டுவிட்டு, ஏலத்தின் குறைந்தபட்ச விலையை எடுங்கள். ஏலத்துக்கு வரும் அளவிலும் ஒரு பகுதி விற்காது என்று கழியுங்கள். மீதியை மட்டும் சம்பளம், ஓய்வூதியம் போன்ற தொடர் செலவில் சேராமல், நிறுத்தினால் நின்றுவிடும் செலவில் வையுங்கள்: மின்மாற்றி, பேருந்து, கட்டட வெப்பக் காப்பு. எதிர்பார்ப்பைத் தாண்டி வருவது வந்த பிறகுதான் செலவாக வேண்டும். உச்சவரம்பு ஆண்டுதோறும் சுருங்குகிறது என்பதையும் மறக்காதீர்கள். ஐரோப்பாவில் 2024 முதல் 4.3 சதவீதம், 2028 முதல் 4.4. விலை ஏறிக்கொண்டிருக்கும் வரை வருவாய் தாங்கும், பிறகு விற்க உரிமமே குறைந்துவிடும்.

கணக்குப்பிள்ளை:
இதோடு ஒன்று. மக்களுக்குத் திருப்பித் தரும் பங்கு மின் பில்லில் தனிப் பதிவாகத் தெரிய வேண்டும். கலிஃபோர்னியாவில் தனியார் மின் நிறுவனங்கள் தமக்குக் கிடைத்த இலவச உரிமங்களையே ஏலத்தில் விற்றாக வேண்டும். அந்தப் பணம் வாடிக்கையாளர் பில்லில் கழிவாக வருகிறது. பொது நிதியில் கலந்த பணத்துக்காக யாரும் வாக்களிக்க வரமாட்டார்கள்.