மூன்று வருடத்தில் நாலரை சாக்: ஷெமார் ஸ்டூவர்ட்டை 17-ஆம் இடத்தில் எடுத்தது சரியா?

மேல்தட்டு_சீட் | ஏப்ரல் 25, 2025, காலை

நேற்று ராத்திரி என்.எஃப்.எல் டிராஃப்டின் (அமெரிக்கக் கால்பந்து டீம்கள் காலேஜ் ஆட்டக்காரர்களை முறை வைத்து எடுக்கும் நிகழ்ச்சி) முதல் சுற்றைப் பார்த்துவிட்டுப் படுத்தவனுக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் சின்சினாட்டி பெங்கல்ஸ் 17-ஆம் இடத்தில் டெக்சஸ் ஏ அண்ட் எம் யுனிவர்சிட்டியின் எட்ஜ் (டிஃபென்ஸ் வரிசையின் ஓரத்திலிருந்து பாயும் ஆள்) ஷெமார் ஸ்டூவர்ட்டை எடுத்திருக்கிறார்கள். சாக் என்றால் பந்தை எறியும் குவாட்டர்பேக்கை எறிவதற்கு முன்பே பிடித்து வீழ்த்துவது. 2022-இல் ஒன்றரை சாக், 2023-இல் ஒன்றரை சாக், 2024-இல் மறுபடியும் ஒன்றரை. சீட்டுப் பணம் கட்டுகிற மாதிரி வருடம் தவறாமல் ஒன்றரை.

எங்கள் நிலைமை உங்களுக்குத் தெரியும்தானே. போன சீசனில் எங்கள் குவாட்டர்பேக் பரோ 43 டச்டவுன் எறிந்தும் 9 வெற்றி, 8 தோல்வி என்று முடித்து வீட்டில் உட்கார்ந்து பிளேஆஃப் பார்த்தோம், டிஃபென்ஸ் அந்த லட்சணம். ஹென்ட்ரிக்சன் ஒருத்தர் மட்டும் 17.5 சாக் எடுத்து லீகிலேயே முதலிடம், அவரும் இப்போது சம்பளத் தகராறில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார். சாம் ஹப்பர்ட் ஓய்வு அறிவித்துவிட்டார். 2023-இல் இதே மாதிரி "உடம்பைப் பார், வேகத்தைப் பார்" என்று முதல் சுற்றில் எடுத்த மைல்ஸ் மர்ஃபி போன வருடம் எடுத்த சாக் பூஜ்யம்.

கம்பைனில் (டிராஃப்டுக்கு முன் நடக்கும் உடல்திறன் சோதனை) ஸ்டூவர்ட் காட்டிய எண்களைப் பார்த்தால் வாய் பிளக்கத்தான் தோன்றுகிறது, ஒத்துக்கொள்கிறேன். 6 அடி 5 அங்குலம், 267 பவுண்டு, 40 யார்டு ஓட 4.59 வினாடி, நின்ற இடத்திலிருந்து 40 அங்குலம் எம்புகிறார். ஆனால் 16.5 சாக் எடுத்த பாஸ்டன் காலேஜின் டோனவன் எஸெருவாக்கு இன்னும் யாரும் கூப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாரே! இன்று இரவு எங்கள் அடுத்த முறை வரும் 49-ஆம் இடம் வரை அவர் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

காலேஜ் பாஸ் ரஷர் (குவாட்டர்பேக் மேல் பாய்பவர்) ஒருவரை எடைபோடும்போது நீங்களெல்லாம் முதலில் எதைப் பார்க்கிறீர்கள்? எனக்கு டேப் (ஆட்ட வீடியோ) பார்க்கத் தெரியாது, பந்து போகும் பக்கம்தான் கண்ணும் போகிறது. "பொறுமையாக இருங்கள்" என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள், முப்பது வருடமாக இருந்தாயிற்று.

---

மூன்றாம்_டவுன்

சாக் எண்ணிக்கையை முதலில் ஓரமாக வையுங்கள். தூக்கி எறியச் சொல்லவில்லை, ஓரமாக.

ஒரு சாக் விழ நான்கைந்து விஷயம் கூடி வர வேண்டும். பின்னால் கார்னர்பேக்குகள் (பந்து வாங்க ஓடுபவர்களை மறிப்பவர்கள்) ஆளை விடாமல் பிடித்திருக்க வேண்டும், குவாட்டர்பேக் பந்தை இறுக்கி வைத்துக்கொண்டு முழிக்க வேண்டும், அந்தப் பக்கத்து ரஷர் அவரை இந்தப் பக்கம் துரத்தி விட வேண்டும். டாக்கிளை (குவாட்டர்பேக்கைக் காக்க ஓரத்தில் நிற்கும் தடுப்பாளர்) ஒன்றரை வினாடியில் தாண்டியவனுக்கு ஒன்றும் கிடைக்காது, நாலு வினாடி முட்டிக்கொண்டு நின்றவன் மடியில் குவாட்டர்பேக் வந்து விழுவார், புள்ளிவிவரத்தில் இவனுக்கு ஒரு சாக். அதனால்தான் எத்தனை முறை நெருக்கடி கொடுத்தான், பாஸ் ரஷுக்குப் போன தடவைகளில் எத்தனை சதவீதம் டாக்கிளை ஜெயித்தான் என்று பார்க்கிறார்கள். வருடத்துக்கு வருடம் சாக் அளவுக்கு அது தாவாது.

அப்புறம் அவரை எங்கே நிறுத்தினார்கள் என்று பாருங்கள். ஏ அண்ட் எம்-இல் டாக்கிளின் நெஞ்சுக்கு நேராகவும் அதற்கு உள்ளேயும் நிறுத்தி ரன்னை (பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும் ஆட்டத்தை) அடைக்கச் சொன்ன தடவைகள் நிறைய. வெளியே அகலமாக நின்று பாய்ந்து ஓடும் ஆளின் கணக்கை இவர் தலையில் போடக்கூடாது.

உதாரணம் வேண்டுமா? டனீல் ஹன்ட்டர். எல்.எஸ்.யு-வில் (லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி) மூன்று வருடத்தில் அதே நாலரை சாக், கடைசி வருடத்தில் அதே ஒன்றரை! 2024 சீசன் முடிவில் என்.எஃப்.எல்-இல் 99.5 சாக்கில் நின்றார்.

மறுபக்கம் வெர்னன் கோல்ஸ்டன். ஒஹாயோ ஸ்டேட்டில் 2007-இல் 14 சாக், கம்பைனில் 225 பவுண்டை 37 தடவை தூக்கினார். கணக்கும் இருந்தது, உடம்பும் இருந்தது. 2008-இல் ஜெட்ஸ் 6-ஆம் இடத்தில் எடுத்தது, மூன்று சீசன் ஆடினார், ஒரு சாக் கூட இல்லை. அரை சாக் கூட இல்லை.

---

ஸ்டீலர்_சித்தப்பா

17-ஆம் இடம் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 2013-இல் இதே 17-இல் எங்கள் ஸ்டீலர்ஸ் ஆட்கள் ஜார்விஸ் ஜோன்ஸை எடுத்தார்கள். ஜார்ஜியாவில் கடைசி சீசனில் 14.5 சாக், நாடே கொண்டாடியது. 40 யார்டு ஓட்டத்தில் ஊர்ந்தார், "ஆட்டத்தில் வேகம் வேறு, கடிகார வேகம் வேறு" என்று நான்தான் இங்கே உட்கார்ந்து மல்லுக்கட்டினேன். நாலு வருடத்தில் ஆறு சாக் எடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஆக உங்கள் ஆளும் எங்கள் ஆளும் நேர் எதிர்.

ஆனால் 2017-இல் 30-ஆம் இடத்தில் வந்த டி.ஜே. வாட்டைச் சொல்லாமல் விட்டால் பாவம். விஸ்கான்சினில் டைட் எண்டாக (பந்து வாங்கவும் தடுக்கவும் செய்யும் ஆள்) ஆரம்பித்து, முழங்கால் அடிபட்டு, ஒரே ஒரு சீசன்தான் உருப்படியாக ஆடினார், 11.5 சாக். கூம்புகளைச் சுற்றி வளைந்து ஓடும் மூன்று கூம்பு ஓட்டத்தில் 6.79 வினாடி. எட்ஜ் ஆளுக்கு 7-க்குள் வந்தாலே நல்லது. 40 யார்டை விட நான் நம்புவது அதைத்தான், ஏனென்றால் எந்த ரஷரும் நேர்கோட்டில் 40 யார்டு ஓடிப் போய் குவாட்டர்பேக்கைப் பிடிப்பதில்லை. முதல் 10 யார்டு எவ்வளவு சீக்கிரம், வளைவில் எவ்வளவு வேகம் குறைகிறது, அவ்வளவுதான் விஷயம். உங்கள் எஸெருவாக்கும் அதை 7-க்குள் ஓடியவர்தான், ஆனால் 248 பவுண்டு. ரன்னில் அவரைத் தள்ளிக்கொண்டு போவார்கள் என்று பயந்திருப்பார்கள்.

---

டாக்கிளின்_அப்பா

நான் பயிற்சியாளன் கிடையாது. என் பையன் இங்கே டெக்சஸில் ஹை ஸ்கூல் டீமில் லெஃப்ட் டாக்கிள், அதனால் மூன்று வருடமாக நான் ஆட்டத்தைப் பார்ப்பதே எதிர்ப் பக்கத்திலிருந்துதான். பந்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன், டச்டவுன் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து நிற்பதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் எங்கே சிவந்திருக்கிறது என்று பார்ப்பேன். நெஞ்சில் சிவந்திருந்தால் அன்று எதிரே நின்றவன் முட்டி மட்டும் ஆடியிருக்கிறான். முன்கையிலும் மணிக்கட்டிலும் சிவந்திருந்தால் கை வேலை தெரிந்தவன். பையன் சொல்வான், "அப்பா, வேகமா வர்றவனுக்குக் கூட ஒரு அடி பின்னால போய்க்கலாம். நான் கை நீட்டுற நேரம் பார்த்துத் தட்டி விடுறவன்தான் ராத்திரி கனவுல வர்றான்." எனக்கு இந்த விஷயத்தில் தெரிந்ததில் பாதி அந்த ஒரு வரிதான்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஒரு ஆட்டத்தை எடுத்து, மூன்றாம் டவுனில் (10 யார்டு நகரக் கிடைக்கும் நாலு முயற்சியில் மூன்றாவது) 7 யார்டுக்கு மேல் தேவைப்படும் தடவைகளை மட்டும் பாருங்கள், ஏனென்றால் அப்போது பாஸ்தான் வரும் என்று இரு பக்கமும் தெரியும், ஏமாற்று வேலை குறைவு. ஒவ்வொன்றையும் நாலு தடவை ஓட விடுங்கள். முதல் தடவை ஸ்நாப் ஆகும் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கும்) கணத்தில் ரஷரின் முன்கால் மட்டும். பந்து அசைந்ததும் கால் அசைகிறதா, பக்கத்து ஆள் அசைவதைப் பார்த்துக் கிளம்புகிறானா? இரண்டாம் தடவை கைகள். டாக்கிளின் கை வருவதற்கு முன் இவன் கை வேலையை ஆரம்பித்ததா, இல்லை நெஞ்சில் வாங்கிக்கொண்ட பிறகு யோசிக்கிறானா? மூன்றாம் தடவை இடுப்பு. டாக்கிளின் தோளைத் தாண்டும் இடத்தில் உடம்பைச் சாய்த்து உள்ளே வளைகிறானா, இல்லை பேருந்து திரும்புகிற மாதிரி அகலமாகச் சுற்றி குவாட்டர்பேக்குக்குப் பின்னால் போய் நிற்கிறானா? நாலாவதுதான் எனக்கு முக்கியம்: முதல் உத்தி செத்துப் போனதும் என்ன செய்கிறான்.

ஸ்டூவர்ட்டை இப்படிப் பார்த்தேன். முதல் அடி அருமை, 267 பவுண்டு ஆள் அப்படிக் கிளம்புவது நியாயமே இல்லை. 34 அங்குலக் கையை நீட்டி டாக்கிளை நாற்காலியைத் தள்ளுவதுபோல் குவாட்டர்பேக் மேல் தள்ளிக்கொண்டு போகிறார். ஆனால் தள்ளிக்கொண்டே இருக்கிறார். அங்கிருந்து கழன்று வரத் தெரியவில்லை. நிமிர்ந்து நின்றுவிடுகிறார், டாக்கிளுக்கு நெஞ்சு முழுக்கக் கிடைத்துவிடுகிறது. எனக்கு எரிச்சல் வந்த இடம் அடுத்தது. டாக்கிளை ஜெயித்து, குவாட்டர்பேக்கை எட்டிப் பிடித்து, பிடி நழுவி விடுகிறார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது இந்த ஆளுக்காகவே சொன்னது. அதில் பாதியைப் பிடித்திருந்தாலே இந்தப் பேச்சே வந்திருக்காது, 17 வரை வந்திருக்கவும் மாட்டார்.

கை வேலை சொல்லித் தரக்கூடியது. முதல் அடி சொல்லித் தர முடியாதது. அந்த அர்த்தத்தில் எடுத்தது தப்பில்லை என்பேன்.

---

கணக்குப்பிள்ளை

டாக்கிளின் அப்பா சொல்வதில் கடைசி வரியைத் தவிர எல்லாம் சரி.

"சொல்லித் தரலாம்" என்பதை ஒவ்வொரு ஏப்ரலிலும் கேட்கிறேன். மூன்று வருடம் பெரிய யுனிவர்சிட்டியில் சம்பளம் வாங்கும் கோச்சுகள் சொல்லித் தந்தும் வராதது எங்கள் கோச் சொன்னால் வந்துவிடும் என்று 32 டீமும் நினைக்கிறது. சில ஆட்களுக்கு வரும். வராதவர்களின் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது, அதனால்தான் எல்லோரும் ஹன்ட்டர் பெயரையே சொல்கிறீர்கள்.

அந்த ஹன்ட்டரையும் வைக்கிங்ஸ் எங்கே எடுத்தது? 2015, மூன்றாம் சுற்று, 88-ஆம் இடம். "உடம்பு இருக்கிறது, ஆட்டம் இனிமேல்தான்" என்ற ஆளுக்கு அதுதான் விலை. அதே சரக்கை 17-ஆம் இடத்து விலைக்கு வாங்கினால் லாபம் எங்கே? ஹென்ட்ரிக்சனே 2017-இல் 103-ஆவதாக வந்தவர். மேக்ஸ் கிராஸ்பி ஈஸ்டர்ன் மிச்சிகனிலிருந்து 106-இல் வந்து முதல் வருடமே 10 சாக் எடுத்தார்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்கிறேன். 2022-இல் ஜாகுவார்ஸ் இதே தர்க்கத்தில்தான் முதல் இடத்தில் டிராவன் வாக்கரை எடுத்தது, ஜார்ஜியாவில் மொத்தமே 9.5 சாக். அடுத்த இடத்தில் லயன்ஸ் எடுத்த ஹட்சின்சன் மிச்சிகனில் ஒரே சீசனில் 14. ஹட்சின்சனுக்குக் கை 32 அங்குலத்துக்குக் கொஞ்சம்தான் கூட, அதை வைத்து எத்தனை பேர் மூக்கைச் சுளித்தார்கள்! முதல் வருடம் ஹட்சின்சன் 9.5, வாக்கர் 3.5. ஆனால் அடுத்த இரண்டு வருடம் வாக்கர் 10, 10.5 என்று எடுத்தார். ஆக வாக்கர் தோல்வி இல்லை, காத்திருக்க வேண்டியிருந்தது. பெங்கல்ஸுக்குக் காத்திருக்க நேரம் இருக்கிறதா? பரோ, அவர் எறிவதை வாங்கும் சேஸ் இரண்டு பேரும் உச்சத்தில் இருக்கும்போது "2027-இல் பழுக்கும்" என்று காய் வாங்குவதுதான் எனக்குப் புரியவில்லை.

---

மூன்றாம்_டவுன்

கணக்குப்பிள்ளைக்கு ஒன்று மட்டும். ஹன்ட்டர் எப்படி ஆனார் என்று பார்த்த பிறகுதான் சந்தையில் அந்த ரகத்துக்கு விலை ஏறியது. இனி அந்த உடம்போடு ஒருத்தன் 88 வரை உருண்டு வரமாட்டான். ஜனவரியில் மொபீலில் சீனியர் பவுல் (டிராஃப்டுக்கு வரும் காலேஜ் ஆட்டக்காரர்களின் காட்சி ஆட்டம்) பயிற்சியில் ஒருவருக்கு ஒருவர் மோதும்போதே ஸ்டூவர்ட் டாக்கிள்களைத் தூக்கிப் போட்டதை எல்லா டீமும் பார்த்தது. 17-இல் விட்டிருந்தால் 25-ஐத் தாண்டியிருக்க மாட்டார்.

---

மேல்தட்டு_சீட்

எல்லோருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை அண்ணே, நீங்கள் சொன்னதுதான் என் வயிற்றில் இருந்த வலி. டாக்கிளின் அப்பா, எந்த ஆட்டத்திலிருந்து ஆரம்பிக்கட்டும்? மூன்றுக்கு மேல் பார்க்க வீட்டில் அனுமதி கிடையாது.

---

டாக்கிளின்_அப்பா

மூன்று போதும். எல்லாம் 2024. எல்.எஸ்.யு ஆட்டம், ஏனென்றால் அங்கே லெஃப்ட் டாக்கிள் வில் கேம்பல், நேற்று 4-ஆம் இடத்தில் போனவர். அப்புறம் டெக்சஸ் ஆட்டம், அங்கே கெல்வின் பேங்க்ஸ், நேற்று 9-இல் போனார். நல்ல டாக்கிளுக்கு எதிராக என்ன செய்தார் என்பதுதான் கணக்கு. எப்போதும் அவர்களுக்கு நேராக நிற்கமாட்டார், எந்தப் பக்கம் என்று ஸ்நாப்புக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக சீசனின் முதல் ஆட்டம், நோட்ர டேம். அங்கே லெஃப்ட் டாக்கிளில் நின்றது காலேஜில் முதல் ஆட்டம் ஆடிய முதலாண்டுப் பையன். அதில் ஸ்டூவர்ட் நன்றாகத் தெரிந்தால் பாதியாகக் கழித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அன்று எதிர் ஓரத்தில் நோட்ர டேம் டிஃபென்ஸை நடத்தியவர் ஆல் கோல்டன், இப்போது உங்கள் டிஃபென்ஸ் கோச். அன்று முழுக்க இந்த ஆளைக் கண்முன்னால் பார்த்தவர்.

---

மேல்தட்டு_சீட் | அன்று இரவு

எல்.எஸ்.யு பாதி பார்த்தேன். கை மட்டும் பார்ப்பது முதலில் தலைவலி, அப்புறம் பழகிவிடுகிறது. ஒரு தடவை டாக்கிளை மூன்று அடி பின்னால் தள்ளிவிட்டு அப்படியே அவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார், பந்து போய்விட்டது. "கழட்டு, கழட்டு" என்று சத்தம் போட்டேன், உள்ளறையிலிருந்து என்ன என்று கேட்டார்கள்.

எஸெருவாக்குவை 44-இல் டாலஸ் தூக்கிவிட்டது. ஐந்தே இடம்.

---

ஸ்டீலர்_சித்தப்பா

49-இல் லைன்பேக்கரா (டிஃபென்ஸின் இரண்டாம் வரிசை ஆள்) எடுத்தீர்கள்? சரி, அதற்குத் தனியாக இழை ஆரம்பியுங்கள்.