ஒரு சாண் கான் (தண்ணி வடியற வாய்க்கால்) வெட்டினா அது பாதைப் பராமரிப்பா? (கோத்தகிரி சைக்கிள் பாதை)

பழையகியர் | ஞாயிறு இரவு 9.40

மதியம் ஒரு தம்பி போட்ட பதிவை அப்படியே தர்றேன்: "14 பேர், ஒரே காலை, 2 கி.மீ. மலைப்பாதை ரெடி! ஒரு சாண் ஆழத்துல ஒன்பது கான் வெட்டியாச்சு. இனி அஞ்சு மழைக்குக் கவலையில்ல." கூடவே பதினாலு பேரும் மண்வெட்டியைத் தோள்ல வெச்சுச் சிரிக்கிற படம்.

சாயங்காலம் நான் அந்த வழியா இறங்கினேன். மூணாவது கான்ல முன்சக்கரம் உட்கார்ந்துருச்சு. நான் மட்டும் மேலே போய்த் தேயிலைக்குள்ள விழுந்தேன். அதுவும் கவாத்து எடுத்த தேயிலை, வெட்டின குச்சியெல்லாம் நீட்டிக்கிட்டு நிக்கும். விழுந்து பார்த்தவங்களுக்குத்தான் அது தெரியும்.

தோட்டத்துல 31 வருஷம் ஃபீல்டுல இருந்தவன் சொல்றேன். ஒரு சாண் ஆழக் கான் தேயிலை வரிசைக்கு நடுவுல இருக்கலாம். சைக்கிள் போற பாதைக்குக் குறுக்கே வெட்டினா அது பன்னிக்கு வைக்கிற பொறி.

சேற்றுச்சக்கரம் | ஞாயிறு இரவு 10.05

அந்தத் தம்பி நான்தான். அடி பலமா இல்லையே அண்ணா? அதை முதல்ல கேட்டுக்கறேன்.

அடுத்தது. நேத்து காலைல ஆறரைக்கு, கை விறைக்கிற பனியில நாங்க நின்னப்போ நீங்க எங்க இருந்தீங்க? குறுக்கே விழுந்து கிடந்த சீகை (வாட்டில்) மரம் ரெண்டை அறுத்து உருட்டினோம். உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மூடியிருந்துச்சு, இப்போ வளைவு தெரியுது. அதெல்லாம் கண்ணுல படல, ஒரு சாண் மட்டும் பட்டுருக்கு.

பழையகியர் | ஞாயிறு இரவு 10.11

கண்ணுல படல தம்பி, சக்கரத்துல பட்டுச்சு.

சீகை அறுத்ததை நான் குறை சொல்லல. நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணு: ஒரு சாண் ஆழம்னு உங்களுக்கு யார் சொன்னது?

நாக்குபெட்டா | ஞாயிறு இரவு 10.30

நடுவுல ஒரு கேள்வி. இது சைக்கிள் பாதையா, ஊர்ப்பாதையா? எங்க அஜ்ஜி (பாட்டி) விறகு சுமந்த வழி அது. இப்பவும் கொழுந்து எடுக்கப் போறவங்க அதுலதான் நடக்கிறாங்க. "எங்க பாதை"ன்னு நீங்க ரெண்டு பேரும் எழுதறதுக்கு முன்னாடி இதை முடிவு பண்ணுங்க. ஆறாவது கான் நேரா எங்க பெரியம்மா காரட் தோட்டத்துல போய் முடியுது, அதையும் சேர்த்துப் பேசுங்க.

பழையகியர் | ஞாயிறு இரவு 10.34

காரட்டுக்கு அப்புறம் வர்றேன். ஒரு சாணுக்கு இன்னும் பதில் வரல.

சேற்றுச்சக்கரம் | ஞாயிறு இரவு 10.50

என் சாண் அண்ணா. என் கை சின்னது. போதுமா?

இந்த மலையில வடகிழக்குப் பருவமழை எப்படிக் கொட்டும்னு உங்களுக்குத் தெரியாததா? 2009 நவம்பர்ல கேத்தியில ஒரே நாள்ல 82 செ.மீ. பெய்ஞ்சுது. நாலு விரக்கடை ஆழத்துல கோடு கிழிச்சா அந்தத் தண்ணி நிக்குமா?

பழையகியர் | ஞாயிறு இரவு 11.20

82 செ.மீ. பெய்ஞ்சப்போ மலைச்சரிவே வந்துச்சு, வீடும் ரோடும் போச்சு, நாற்பதுக்கு மேல உசுரு போச்சு. அந்த மழையை ஒரு சாண்ல நிறுத்திருப்பாராம்!

பாடம் எடுக்கிறேன்னு நினைக்காதீங்க, எடுக்கத்தான் போறேன். மலைப்பாதையில தண்ணியை நிறுத்தக் கூடாது, ஓடவும் விடக் கூடாது. ஓரமா இறக்கி விடணும். பாதை பள்ளத்துப் பக்கமா லேசா சாய்ஞ்சிருக்கணும், நூறுக்கு அஞ்சு போதும். பாதையோட ஏற்றம் மலைச்சரிவுல பாதிக்கு மேல போகக் கூடாது. சரிவு நூறுக்கு இருபதுன்னா பாதை பத்துக்குள்ள. அதைத் தாண்டினா தண்ணி பக்கவாட்டுல இறங்காம பாதையையே ஓடையாக்கிக்கும். அப்புறம் முப்பது அடிக்கு ஒருக்கா, நாப்பது அடிக்கு ஒருக்கா, பத்துப் பன்னிரண்டு அடி நீளத்துக்குப் பாதையையே மெதுவா தாழ்த்தி மறுபடி ஏத்தணும். தண்ணி அங்கே வெளியேறிடும். சக்கரம் உருண்டுக்கிட்டே போகும், கொழுந்துக் கூடை சுமக்கிறவங்களும் தடுக்கி விழ மாட்டாங்க. குறுக்கே வெட்டின கான் நாலு மழையில வண்டல் ஏறி மூடிக்கும். அஞ்சு மழை எங்கே?

இவ்வளவுக்கும் பதில் "என் கை சின்னது".

கணக்குவாத்தி | ஞாயிறு இரவு 11.48

மன்னிக்கணும், ஆழம் இங்கே விஷயமே இல்ல. 29 அங்குலச் சக்கரத்தோட ஆரம் ஏறக்குறைய 37 செ.மீ. கான் ஒரு அடி அகலம்னா சக்கரம் அதுக்குள்ள 3 செ.மீ.தான் இறங்கும், ஆழம் ஒரு சாணோ ஒரு ஆளோ. அகலம் ரெண்டு அடி ஆயிட்டா 16 செ.மீ. இறங்கிடும். ஓரம் இடிஞ்சு கான் அகலமாயிருக்கணும். அகலத்தை அளந்தீங்களா?

பழையகியர் | திங்கள் காலை 6.15

வாத்தியாரே, தேயிலைக்குள்ள தலைகீழா கிடக்கும்போது அகலத்தை அளக்க முடியல. ஒரு சாண்னு பதிவுல எழுதினது அவர். நான் அதுக்குத்தான் பதில் கேட்கிறேன்.

பஞ்சர்பசை | திங்கள் காலை 7.02

ஓரம் இடிஞ்சதுக்குக் காட்டெருமையைக் கேளுங்க. சனிக்கிழமை ராத்திரி ஆறேழு இறங்கியிருக்கு, குளம்புத் தடம் நானே பார்த்தேன். ஒவ்வொண்ணும் முக்கால் டன், ஒரு டன். வெட்டின புது மண்ணு தாங்குமா?

இன்னொண்ணு. நான் கொண்டு வந்த கடப்பாரை திரும்பி வரல. நீல பெயிண்ட் அடிச்சது.

கூடலூர்மழை | திங்கள் காலை 9.30

சிரிப்பா வருது. கோத்தகிரியில பெய்யறதை மழைன்னு சொல்றீங்க. ஜூன் ஜூலைல எங்க பக்கம் வந்து கான் வெட்டிக் காட்டுங்க. சக்கரத்தைவிட நடக்கிறவங்களும் குதிரையும்தான் மண்ணை அதிகம் பெயர்க்கிறாங்கன்னு 1994லயே மொன்டானாவில ஆராய்ச்சி பண்ணி எழுதிட்டாங்க. பாவம் சைக்கிள், எல்லாப் பழியும் அது மேல.

நாக்குபெட்டா | திங்கள் காலை 9.41

மொன்டானா மண்ல உங்க பக்கத்து மழை பெய்ஞ்சுதாமா? நடக்கிறவங்கதான் கெடுக்கிறாங்கன்னா எங்க அஜ்ஜி மேல கேஸ் போடுங்க.

வட்டக்கானல்வாசி | திங்கள் பகல் 12.10

கொடைக்கானல்ல நாங்க இவ்வளவு பேசறதில்ல. பழைய குதிரைப் பாதைகள் இருக்கு, அதுலயே ஓட்டறோம். வெள்ளைக்காரன் ஏற்றம் பார்த்துப் போட்டது, இன்னும் கெடல. அந்தக் கணக்கு இப்போ யாருக்கும் வரல.

நாக்குபெட்டா | திங்கள் பகல் 12.16

வந்துட்டாருய்யா. 1819ல கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் மலையேறி திம்பட்டிக்கு வந்தப்போ காத்துலயா நடந்து வந்தார்? இங்கே ஆளுங்க ஏற்கெனவே நடந்த தடத்துலதான் வந்தார். கன்னேரிமுக்குல அவர் பங்களா இருக்கு, டிக்கெட் எடுத்துப் பார்த்துட்டு வந்து பேசுங்க. கோத்தரும் குறும்பரும் படுகரும் போட்ட தடத்து மேல கல்லு அடுக்கினதுக்கெல்லாம் பட்டயமா?

வட்டக்கானல்வாசி | திங்கள் பகல் 12.25

நான் பழனி மலையைச் சொன்னேன். எதுக்கு நீலகிரியை இழுக்கிறீங்க?

பழையகியர் | திங்கள் பகல் 12.40

சல்லிவன் ஒரு சாண் ஆழத்துல குறுக்கே வெட்டினாரா? இல்லையில்ல. அப்போ என் பக்கம்தான்.

சேற்றுச்சக்கரம் | திங்கள் பகல் 1.15

அண்ணா, நீங்க சொல்ற மாதிரி பன்னிரண்டு அடிக்குத் தாழ்த்தி ஏத்தணும்னா ஒண்ணுக்கே நாலு பேருக்கு அரை நாள். வந்த 14 பேர்ல அஞ்சு பேர் மண்வெட்டியை அன்னைக்குத்தான் தொட்டாங்க. ஒருத்தர் காலையே வெட்டிக்கப் பார்த்தார். டீ, போண்டா, பெட்ரோல் எல்லாம் கைக்காசு. போன அக்டோபர்ல கூப்பிட்டப்போ முட்டி வலின்னீங்க. அதுக்கு முந்தின வருஷம் பேரன் பொறந்த நாள். ஆனா இறங்கி ஓட்ட மட்டும் முட்டி வலிக்காது.

பழையகியர் | திங்கள் பகல் 1.22

பேரனை இழுக்காதீங்க. முட்டியையும் இழுக்காதீங்க. ஒரு சாண்.

பஞ்சர்பசை | திங்கள் பகல் 1.30

போண்டா ஒருத்தருக்கு ஒண்ணுதான் வந்துச்சுங்கிறதையும் பதிவு பண்ணிடறேன். கடப்பாரை?

கூடலூர்மழை | திங்கள் மாலை 5.05

இதையெல்லாம் விடுங்க. யார் கிட்ட அனுமதி வாங்கினீங்க? 2018 மார்ச்ல குரங்கணி தீயில 23 பேர் போனதுக்கப்புறம் அந்த வருஷமே மலையேற்றத்துக்குத் தனி விதி வந்துச்சு. காப்புக்காட்டுக்குள்ள ஒரு செடியை வெட்டினாலும் 1882 வனச்சட்டம் நிக்கும். சீகை அறுத்த படத்தை வேற போட்டு வெச்சிருக்கீங்க.

சேற்றுச்சக்கரம் | திங்கள் மாலை 5.20

அது காப்புக்காடு இல்ல. ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் ஊர்ப் பொது நிலம். ஊர்ப் பெரியவர்கிட்ட நேர்ல போய்க் கேட்டுட்டுத்தான் இறங்கினோம். லாங்வுட் சோலைப் பக்கம் நாங்க சக்கரத்தைக்கூடத் திருப்பறதில்ல, ராம்சார் பட்டியலுக்கு (உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்) போன இடம் அது. இடத்துப் பேரையும் வேணும்னேதான் எழுதல. எழுதினா அடுத்த சனிக்கிழமை பெங்களூர்ல இருந்து இருபது வண்டி நிக்கும்.

நாக்குபெட்டா | திங்கள் மாலை 5.26

பெரியவர்கிட்ட கேட்டீங்க சரி. பெரியம்மாகிட்ட கேட்டீங்களா? காரட் தோட்டம் அவங்களோடது.

கணக்குவாத்தி | திங்கள் மாலை 6.00

இன்னைக்கு நானே போய் அளந்துட்டு வந்தேன். மூணாவது கான்: ஆழம் 17 செ.மீ., அகலம் மேல்புறத்துல 58. நான் சொன்னதுதான், ஓரம் இடிஞ்சிருக்கு. மத்த எட்டும் ஒரு அடிக்குள்ள, அதுல சக்கரம் சும்மா தாண்டிடும். ஆறாவது கானைப் பத்தடி மேலே நகர்த்தினா தண்ணி பாறைக்குப் போயிடும், காரட்டுக்குப் போகாது.

பழையகியர் | திங்கள் மாலை 6.04

17 செ.மீ.! பார்த்தீங்களா, ஒரு சாணே இல்ல. அப்போ பதிவுல எழுதினது பொய்.

சேற்றுச்சக்கரம் | திங்கள் மாலை 6.07

நேத்து ஆழம் அதிகம்னீங்க, இன்னைக்குக் கம்மின்னு சண்டையா?

பழையகியர் | திங்கள் மாலை 6.09

நான் ஆழத்தைப் பேசல தம்பி. ஒரு சாண்னு எழுதினதைப் பேசறேன்.

சேற்றுச்சக்கரம் | திங்கள் மாலை 6.31

வர்ற ஞாயிறு ஆறரைக்கு மூணாவது கான்கிட்ட நிப்போம். வர்றவங்க வரலாம். 31 வருஷ ஃபீல்டு அனுபவமும் வரலாம்.

பழையகியர் | திங்கள் மாலை 6.33

ஞாயிறு மேட்டுப்பாளையத்துல கல்யாணம்.

பஞ்சர்பசை | திங்கள் மாலை 6.40

நீல கடப்பாரை. அஞ்சடி நீளம். படத்துல இடது பக்கம் மூணாவது ஆள் கையில இருக்கு, தொப்பி போட்டவர். அவர் யாருன்னாவது சொல்லுங்கப்பா.